உரிமை முடிந்தது, பிரதி எங்கே?

2024 ஜனவரி 1 அன்று மிக்கி மவுஸுக்கு விடுதலை. 1928ல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற குட்டிப் படத்துக்கு அமெரிக்கச் சட்டம் போட்டிருந்த 95 வருடப் பூட்டு அன்று கழன்றது. என் டைம்லைன் முழுக்க எலிதான். தமிழில் கவிதை எழுதுகிறவர்கள், இணைய இதழ் நடத்துகிறவர்கள், எதற்குமே லைக் போடாத மூத்த விமர்சகர்கள் வரை ஆளுக்கொரு மிக்கி மீம் பகிர்ந்தார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 ஜனவரி 1 அன்று, பாரதிதாசன் இந்தியச் சட்டப்படி பொதுச்சொத்து ஆனார். 1964 ஏப்ரலில் இறந்தவர். இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருடம் என்பது நம் ஊர்க் கணக்கு. என் கண்ணில் ஒரு மீம்கூடப் படவில்லை.

“அவரைத்தான் 1990லேயே நாட்டுடைமை ஆக்கிட்டாங்களே, இதுல புதுசா என்ன இருக்கு?” என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு சோம்பேறித்தனம் உட்கார்ந்திருக்கிறது. நாட்டுடைமை ஆயிடுச்சு என்று சொன்னதுமே வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறோம். அரசு நம்புகிறது, பதிப்பாளர் நம்புகிறார், வாசகரும் நம்புகிறார். உரிமை விலகியது, சரி. பிழை இல்லாத, நம்பி வாசிக்கக்கூடிய, தேடினால் சொல் கிடைக்கிற ஒரு பிரதி உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததா?

சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் இறந்து ஐம்பது வருடம் என்றுதான் வைத்திருந்தது. தாகூர் இறந்தது 1941. அந்த ஐம்பது முடிகிற நேரத்தில் விஸ்வபாரதியின் கையை விட்டு உரிமை போய்விடுமே என்று கவலை வந்தது. 1992ல் சட்டத்தைத் திருத்தி அறுபது ஆக்கினார்கள். தாகூருக்காக நீட்டிய அந்தப் பத்து வருடத்தில் நம் ஆட்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். 1948ல் இறந்த புதுமைப்பித்தன் பழைய கணக்குப்படி 1999ல் பொதுவுக்கு வந்திருக்க வேண்டும், 2009 ஆனது. கல்கிக்கு 2005, அது 2015 ஆனது. இடையில் தமிழ்நாடு அரசு புகுந்து கல்கியை 1999லும் புதுமைப்பித்தனை 2002லும் நாட்டுடைமை ஆக்கியது. ஒரு சட்டம் பூட்டியதை இன்னொரு அரசு காசு கொடுத்துத் திறந்தது. வாரிசுகளுக்குப் போன அந்தப் பரிவுத்தொகையைப் பற்றி எனக்கு ஒரு முணுமுணுப்பும் கிடையாது. உயிரோடு இருந்தபோது இந்தச் சமூகம் அவர்களுக்கு வைத்த கடனில் அது வட்டிக்குக்கூடக் காணாது.

என் புகார் வேறு. நான் பிழைப்பது ஒரகடத்தில். கவிதை, கதை எல்லாம் வேலை முடிந்த பிறகுதான். பகலில் எழுதுவது தொழிற்சாலைக்கான மென்பொருள். ஒரு உதிரிபாகம் எந்த வெண்டரிடமிருந்து வந்தது, எந்த லாட், எந்த ஷிப்ட்டில் யார் சோதித்தார், எந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்தது என்று ஜாதகம் எழுதுகிற வேலை. ட்ரேசபிலிட்டி என்பார்கள். பத்து ரூபாய் பிராக்கெட்டுக்குக்கூட இங்கே வம்சாவளி உண்டு. சோதனையில் தேறாத பீஸ் சிவப்புத் தொட்டிக்குப் போகும். சரிசெய்து மறுபடி சோதித்து, ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லைனுக்குத் திரும்பும்.

இந்தப் பேட்டையில் பொதுச்சொத்து என்பது தினசரிச் சமாசாரம். காப்புரிமைக்கு ஆயுள் இருபது வருடம். 2006ல் விண்ணப்பித்த ஒரு பிரேக் அமைப்பின் காப்புரிமை 2026ல் தீரும். தீர்ந்த மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் லேத் வைத்திருக்கிற யாரும் அதைச் செய்யலாம். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். செய்ய முடிகிறது, ஏனென்றால் வரைபடம் ஏற்கனவே வெளியே இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் பேரமே அது. “இருபது வருஷம் உனக்கு ஏகபோகம் தர்றேன், பதிலுக்கு அந்தத் துறை தெரிஞ்ச இன்னொருத்தன் பார்த்துச் செய்யற அளவுக்கு விவரத்தை இப்பவே எழுதிக் கொடு.” விண்ணப்பித்துப் பதினெட்டு மாதத்தில் அந்த விவரம் பொதுவில் வந்துவிடும். உரிமை முடிகிற அன்று யாரும் யார் வீட்டுப் பரணையும் குடைய வேண்டாம்.

பதிப்புரிமையில் இப்படி ஒரு பேரமே இல்லை. 2006ல் முப்பது வயதில் ஒருவர் ஒரு சிறுகதை எழுதியிருந்து, 2050 வரை அவர் வாழ்ந்தால், அது பொதுவுக்கு வருவது 2111ல். நூறு வருடத்துக்கு மேல் பூட்டு. அவ்வளவு நீளமான காவலுக்குப் பதிலாக யாரும் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. 1954ஆம் வருட நூல் ஒப்படைப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. பதிப்பாளர் அச்சிட்ட புத்தகத்தை கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அது காகிதப் பிரதி. மட்கும், கிழியும், யாராவது கேட்டு எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. உரிமை முடிகிற நாளில் நமக்குக் கிடைப்பது, வரைபடம் இல்லாத காலாவதிக் காப்புரிமை.

சுதந்திரம் மட்டும் கிடைத்தால் ஒரு நூல் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்கள் சங்க இலக்கியத்தின் கதையை மறந்தவர்கள். புறநானூற்றுக்கு எந்த நூற்றாண்டில் யார் உரிமை கேட்டார்கள்? இரண்டாயிரம் வருடமாக அது எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமானதைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887ல் அச்சில் கொண்டுவந்த பிறகு, உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894ல் பதிப்பித்த பிறகுதான் அவை நடைமுறையில் பொதுச்சொத்து ஆயின. இவர்கள் எவரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. ஏடு தேடி ஊர் ஊராகப் போகவும், பாடம் ஒப்பிடவும், கண் கெடவும்தான் வேண்டியிருந்தது.

பாரதி விஷயத்தில் இது இன்னும் அப்பட்டம். அவர் பாட்டுகளை இசைத்தட்டில் பதிவதற்கான உரிமை ஒரு கட்டத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948ல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டு வர, சண்டை வந்தது. பாரதிக்கு ஒரு தனிமனிதர் சொந்தம் கொண்டாடுவதா என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 1949ல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டது, பிறகு பொதுவில் விட்டது. இந்தக் கதை முழுவதையும் ஆ.இரா. வேங்கடாசலபதி ஒரு தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். ஒரு கவிஞனின் உரிமையை அரசே வாங்கி மக்களுக்குத் தருவது அன்றைக்கு எங்கும் வழக்கமாக நடக்கிற காரியம் இல்லை. நாம் பெருமைப்படலாம், படுகிறோம்.

சரி, பாரதி எழுதியது அத்தனையும் காலவரிசையில், ஒரே தொகுப்பாக, நம்பி எடுக்கக்கூடிய பதிப்பாக எப்போது முழுமை பெற்றது? சீனி. விசுவநாதன் தொகுத்த 23 தொகுதிகளும் டெல்லியில் வெளியிடப்பட்டது 2024 டிசம்பர் 11. அரசு உரிமை வாங்கி எழுபத்தைந்து வருடம் கழித்து. அந்த வேலை பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் ஆயுளில் நடந்தது. அரசாணையால் ஒரே நாளில் உரிமையை விலக்க முடிந்தது. பிரதியை உண்டாக்க ஒரு மனிதர் கிழவராக வேண்டியிருந்தது. புதுமைப்பித்தனுக்கும் இதே கதைதான். வேங்கடாசலபதியின் செம்பதிப்பு காலச்சுவடு வழியாக வந்தது 2000ல், நாட்டுடைமைக்கு முன்னால். எந்த இதழில் எப்போது வந்தது, எந்தப் பதிப்பில் எந்தச் சொல் மாறியது என்ற ஜாதகம் அதில் இருக்கிறது. நாட்டுடைமைக்குப் பிறகு புத்தகக் காட்சியில் குவிந்த மலிவுப் பதிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். மூலம் எது என்று ஒரு வரி இருக்கிறதா? மெய்ப்பு பார்த்தவர் பெயர் இருக்கிறதா? அட்டையில் ஆசிரியரின் படம் பெரிதாக இருக்கும். பிராக்கெட்டுக்கு இருக்கிற வம்சாவளி புதுமைப்பித்தனுக்கு இல்லை.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், ஆய்வாளருக்கு என்று பதில் சொல்லித் தப்பிப்பது சுலபம். ஆய்வாளர் எப்படியாவது நல்ல பதிப்பைத் தேடிப் பிடித்துவிடுவார். நஷ்டம் முதல்முறை வாசிக்கிறவருக்கு.

எங்கள் பிளான்ட்டில் டிப்ளமோ முடித்து வந்த ஒரு தம்பி இருக்கிறான், செய்யாறு பக்கம். நான் டீ இடைவேளையில் போனில் கதை படிப்பதைப் பார்த்து, “எனக்கும் எதாவது சொல்லுண்ணே” என்று கேட்டான். புதுமைப்பித்தன் என்றேன். எந்தக் குழுவிலிருந்தோ ஒரு பிடிஎஃப் இறக்கிவிட்டான். இரண்டு நாள் கழித்து வந்து, “கதை நல்லாத்தாண்ணே போவுது. நடுவுல அமுதாள்னு ஒரு பொம்பள வருதே, அது யாருன்னே புரியல” என்றான். வாங்கிப் பார்த்தேன். ‘அழுதாள்’ என்பதை இயந்திரம் ‘அமுதாள்’ என்று வாசித்திருக்கிறது. ஒரு இடத்தில் இல்லை, கதை முழுக்க. அழுகிற ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒரு பெண் வந்து நிற்கிறாள். பக்கத் தலைப்பு வேறு வாக்கியங்களுக்கு நடுவே புகுந்திருக்கிறது. விளக்கினேன், சிரித்தான். ஆனால் அதற்கு முன்னால் அவன் சொன்ன வாக்கியம்தான் என்னால் விழுங்க முடியாதது. “நமக்கெல்லாம் இது ஏறாது போலண்ணே. படிச்சவங்களுக்குத்தான்.”

மட்டமான பிரதி, வாசகனைத் தன்மேலேயே சந்தேகப்பட வைக்கிறது. பிழை அச்சில் இருக்கிறது, குற்றவுணர்ச்சி அவனுக்கு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பை 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். சுங்குவார்சத்திரம் சுற்றியிருக்கும் மற்ற விடுதிகள் தனி. கிட்டத்தட்ட எல்லோர் கையிலும் போன். நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத காலையில் கல்கியோ கு.ப.ரா.வோ அந்தப் போனில் காசில்லாமல் கிடைக்க வேண்டும். சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் அவர்கள் தேடினால் முதலில் கையில் சிக்குவது அமுதாள்தான்.

அமுதாள் எங்கிருந்து பிறக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் மர்மம் எதுவும் இல்லை. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து ஓசிஆரில் போடுகிறோம். தமிழுக்கு ஓசிஆர் இப்போது பரவாயில்லை, நல்ல அச்சு என்றால் நன்றாகவே படிக்கிறது. மங்கிய தாளில் ‘ழு’வும் ‘மு’வும் அதற்கு ஒன்று. ‘ர’வும் கால் எழுத்தும் ஒரே கோடு என்பதால் ‘கால்’ சில சமயம் ‘கரல்’ ஆகும். தமிழ் எண் ஒன்றும் ‘க’வும் வடிவத்தில் இரட்டைப் பிள்ளைகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் தும்பிக்கை வைத்த லை, ணை, னை எல்லாம் வேறு எதுவாகவோ மாறும். வரி முடிவில் உடைந்த சொற்கள் உடைந்தபடியே கிடக்கும். இதில் பாதியை என் மாதிரி ஆட்கள் ஒரு வார இறுதியில் ஸ்கிரிப்ட் எழுதிச் சரிசெய்துவிடலாம். மீதிப் பாதிக்கு மனிதக் கண் வேண்டும், வேறு வழியில்லை. ‘அமுதாள்’ என்பது ஒரு கதையில் உண்மையிலேயே பாத்திரத்தின் பெயராக இருந்துவிட்டால் ஸ்கிரிப்ட் அவளை அழ வைத்துவிடும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2015-16 வாக்கில் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் தமிழ் விக்கிமூலத்துக்குக் கிடைத்தன. கிரியேட்டிவ் காமன்ஸின் சுழிய உரிமத்தில், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று. எந்த இலக்கியப் பத்திரிகையும் இதைக் கொண்டாடியதாக எனக்கு நினைவில்லை. உள்ளே போய்ப் பாருங்கள். ஸ்கேன் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. எங்கள் லைனில் இருக்கிற அதே மூன்று நிறம். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே இரண்டாவது ஆள் வேண்டும் என்ற விதிகூட அதே. ஒரு சின்னக் கூட்டம் வருடக்கணக்காக அதில் உட்கார்ந்து நிறம் மாற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியும் சிவப்பு குவிந்து கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் நம் இலக்கிய உலகத்தின் ஆட்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிச் சொன்னால் தேவலை.

ஏனென்றால் நம்முடைய ஆட்கள் வேறு இடத்தில் பிசி. டெலிகிராமில்.

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு நாவல் வருகிறது. எழுதியவர் உயிரோடு இருக்கிறார், ஐந்து வருடம் உழைத்திருக்கிறார். அச்சிட்டது முந்நூறு, ஐந்நூறு பிரதி. ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம், அதுவும் வந்தால். பொங்கல் முடிவதற்குள் அதன் பக்கங்களைப் போனில் படம் பிடித்து, வரிசைப்படுத்தி, பிடிஎஃப் ஆக்கி, அட்டைப் படத்தோடு குழுவில் ஏற்றுகிறவர் எவ்வளவு பொறுமைசாலி! நானூறு பக்கம். ஒரு பக்கம் விடுபடாது. விடுபட்டால் குழுவில் ஒருவர் கேட்பார், இன்னொருவர் போடுவார். விக்கிமூலத்தில் ஒரு பாரதிதாசன் பக்கத்தைப் பச்சையாக்க ஆள் கிடைக்காத ஊரில், உயிரோடு இருக்கிறவரின் நாவலைத் திருட ஒரு முழு அசெம்பிளி லைன் ஓடுகிறது. நமக்குச் சொந்தமானதைத் தொட மாட்டோம். சொந்தமில்லாததைத்தான் இவ்வளவு நேர்த்தியாகப் பராமரிப்போம்.

“புத்தகம் நானூறு ரூபா, ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணு எப்படி வாங்குவா?” என்று எதிர்க்கேள்வி வரும். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், கேட்கிறவர் வாயிலிருந்து வரும்போது மட்டும் சந்தேகப்படுகிறேன். குழுக்களில் இருக்கிற பெரும்பாலானோர் எங்களைப் போல ஐடி சம்பளக்காரர்கள். மாதம் நாலு ஓடிடி சந்தாவுக்குக் காசு தானாக வெட்டுப்படுகிறது. சரி, உண்மையிலேயே அந்தப் பெண்ணுக்காகத்தான் என்று வைத்துக்கொள்வோம். பாரதி, புதுமைப்பித்தன், கு.ப.ரா., கல்கி, பாரதிதாசன், உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. இதெல்லாம் அவளுக்கு ஏற்கனவே இலவசம். ஒரு ஆயுளுக்குப் போதும். அவள் போனில் ஒழுங்காகத் திறக்கிற ஒரு மின்னூலாக இதைச் செய்து கொடுத்தீர்களா? அந்த வேலைக்கு வரிசையில் யாரும் நிற்கவில்லை. ஏழை வாசகி திருட்டுக்குச் சாட்சி சொல்ல மட்டும் கூப்பிடப்படுகிறாள்.

எல்லாவற்றையும் உடனே நாட்டுடைமை ஆக்கு என்று கோஷம் போடுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. 2009ல் அரசின் பட்டியலில் கண்ணதாசன், சுந்தர ராமசாமி பெயர்கள் வந்தபோது குடும்பத்தினர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் உரிமை, அவர்கள் முடிவு. சுந்தர ராமசாமி 2066 ஜனவரியில் தானாக வருவார். தி. ஜானகிராமன் 2043. அசோகமித்திரன் 2078. இந்தக் கணக்கை எல்லாம் பார்த்து ஏக்கப்படுவதற்கு முன்னால் ஏற்கனவே வந்து நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்போம். நாட்டுடைமையான எழுத்தாளர் பட்டியல் நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து பத்துப் பேரையாவது முழுதாக, சுத்தமான பிரதியில் வாசித்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

ஜப்பானில் அவோசோரா புன்கோ என்று ஒரு இணைய நூலகம். 1997ல் தொடங்கியது, முழுக்கத் தன்னார்வலர்கள். உரிமை முடிந்த ஜப்பானிய இலக்கியம் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு கதையின் அடியிலும் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார் என்று எழுதியிருக்கும். ட்ரேசபிலிட்டி! நமக்கும் இது தெரியாத வித்தை இல்லை. 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும் உலகம் முழுக்கச் சிதறியிருந்த தமிழர்களும் யூனிகோடுகூட நிலைபெறாத காலத்தில், கையால் தட்டச்சு செய்து, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உழைத்தவர் பெயரைப் போட்டார்கள். 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த ஒரு சமூகம் 2005லிருந்து நூலகம் திட்டத்தில் துண்டுப் பிரசுரம்வரை சேகரித்து வைக்கிறது. இழந்தவர்களுக்குப் பிரதியின் அருமை தெரிகிறது. அண்ணா சாலையில் புத்தகக் கடை வைத்திருக்கிற நமக்குத் தெரியவில்லை.

நான் வேலை பார்க்கும் பேட்டையின் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை விட முடியாது. ராமானுஜர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகும் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் கூவிச் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. கதை எந்த அளவுக்கு உண்மை என்பது தனி விவாதம். ஓப்பன் சோர்ஸ் கூட்டங்களில் யாராவது இதைச் சொல்லிக் கைதட்டு வாங்காமல் இருந்ததில்லை. எல்லோரும் கோபுரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே மரபு இன்னொன்றும் சொல்கிறது. திருவாய்மொழிக்கு உரை எழுதும் பொறுப்பை அவர் தன் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் கொடுத்தார், அதுதான் ஆறாயிரப்படி, அந்த நூலுக்கு முதல் உரை. கோபுரம் ஏறியது ஒரு நாள் வேலை. பாடம், உரை, ஓதுவதற்கு ஆள், அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர ஏற்பாடு என்று மீதி எல்லாம் ஆயுள் வேலை. நம் அரசுகள் கோபுரம் மட்டும் ஏறுகின்றன, புகைப்படக்காரரோடு.

என்ன செய்ய வேண்டும் என்பதில் ராக்கெட் அறிவியல் எதுவும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டுடைமை என்ற சொல்லே கிடையாது. அது நம் அரசாணைகளின் சொல். அப்படியானால் அந்த ஆணையில் என்ன எழுத வேண்டும் என்பதும் நம் கையில்தான். தமிழ் வளர்ச்சித் துறை காசோலை கொடுக்கும்போதே, அந்த எழுத்தாளரின் நூல்களுக்கு எந்தப் பதிப்பு மூலம் என்று ஒரு பட்டியல், ஸ்கேன், இரண்டு பேர் மெய்ப்பு பார்த்த யூனிகோடு பிரதி ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கட்டும். மெய்ப்பாளருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கட்டும். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு இந்தப் பேட்டையிலேயே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பொருள் எண்ணுகிற பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? படித்த படிப்புக்கு வேலை கேட்டால், வேலை இங்கே சிவப்பு நிறத்தில் கொட்டிக் கிடக்கிறது. பரிவுத்தொகையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சுண்டைக்காய்.

ஏஐ வந்துவிட்டது, அதுவே எல்லாவற்றையும் திருத்திவிடும் என்று என் சக பொறியாளர்கள் சொல்கிறார்கள். திருத்தும், ஒரு அளவுக்கு. சந்தேகம் வந்த இடத்தில் கேட்காது, தனக்குப் பழக்கமான சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடும். புதுமைப்பித்தனின் நெல்லைத் தமிழை வழவழப்பான செய்தித்தாள் தமிழாக்கிக் கையில் கொடுக்கும், நாம் ஸ்கேனோடு ஒப்பிடாமல் நன்றி சொல்வோம். அதோடு, இந்த மாடல்கள் தமிழ் கற்பது பெரும்பாலும் இணையத்தில் சும்மா கிடைக்கிற பிரதிகளிலிருந்து. சும்மா கிடைப்பது அமுதாள் என்றால் நாளைய இயந்திரமும் அமுதாள் என்றே எழுதும். ‘கரல்’ என்று ஒரு தமிழ்ச் சொல் உண்டு என்று யாருக்காவது பொருளும் சொல்லிக் கொடுக்கும்.

விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்க இரண்டு நிமிடம். ஒரு பக்கத்தை ஸ்கேனோடு ஒப்பிட்டு முடிக்க எனக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகிறது. பழைய எழுத்து அச்சு என்றால் பதினைந்து. பூந்தமல்லியிலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, டோல்கேட்டில் நிற்கிற நேரம் தனி. பஸ்ஸில் நாற்பது பேர். இந்த மாதம் என் வரிசையில் ஓடிக்கொண்டிருப்பது பாரதிதாசன், மஞ்சளிலிருந்து பச்சைக்கு. இரண்டாவது கண் தேவைப்படுகிறது. இடது பக்க ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.